வலிக்கிற இடம்

கால்சட்டைக்குள் வலது காலை நுழைப்பதற்காக இடது காலில் நின்றபோதுதான் அது முதன்முதலாக வந்தது. அடிவயிற்றுக்கும் கீழே, இரண்டு தொடையும் சேருகிற இடத்தில், எலும்பை யாரோ உள்ளேயிருந்து பிடித்துப் பிளப்பதுபோல் ஒரு வலி. அவள் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நின்றாள். கால்சட்டை முழங்காலில் சுருண்டு கிடந்தது. வயிற்றில் பிள்ளைக்கு ஆறாம் மாதம்.

"என்னாச்சு?" என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷோடு.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

வேறு என்ன சொல்வது? எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவளிடம் ஒரு நல்ல வார்த்தை இல்லை. தெரிந்த வார்த்தைகள் எல்லாம் தெருச்சண்டையில் காதில் விழுந்தவை.

அவள் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். நகரத்துப் பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மேசைத்துணிகளும் அங்கேதான் வந்து குவியும். ஒரு பக்கம் துவைக்கும் டிரம்கள் உருண்டுகொண்டே இருக்கும். நடுவில் ஒரு ரயில்பெட்டி அகலத்துக்கு உருளை மெஷின். நீராவியில் கொதிக்கிற அந்த உருளையின் வாயில் ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இரண்டு பெண்கள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, மடிப்பில்லாமல், அப்பளம்போல் வந்து விழும். வண்டியில் குனிந்து ஈரத்தை அள்ளி, உதறி, முனையைத் தேடி, எட்டு வைத்து இழுத்து, திரும்பவும் குனிந்து என்று நாள் முழுவதும் அதே ஆட்டம். அந்த ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளோடு ஜோடி நின்றவர்கள் எல்லாம் கை சளைத்து ஓடினார்கள். சளைக்காமல் நின்றவள் ஒருத்திதான். மூக்கில் நீராவி படிந்த கண்ணாடி எப்போதும் வழுக்கி இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அவளுக்குப் பெயர் கண்ணாடி. வயதில் மூத்தவள்.

அந்தப் பம்பரம்தான் இப்போது ஒரு காலில் நிற்க முடியாமல் போனாள்.

முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு படியில் வந்தது. வேலைக்குக் கூட்டிப்போகிற வேனில் ஏறும்போது வந்தது. படுக்கையில் புரண்டால் உள்ளே 'கடக்' என்று சத்தம் கேட்டது. எண்ணெய் போடாத கதவு மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். வீடு மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் என்பது அந்தத் தெருவுக்கே தீராத சிரிப்பு. ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே தூக்கிவிடுகிறவன் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிப் போகிறான் என்று கீழ்க்கடைக்காரர் தினமும் சொல்வார். அவனும் தினமும் சிரிப்பான்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவள் மாமியார். ரொட்டி ஆலையில் ரொட்டிகளை உறையில் போட்டு அடுக்குகிற வேலை. சிறிய உருவம், வலுத்த மணிக்கட்டு. பேச்சு ரொம்பக் குறைவு. பேசினால் கதவைச் சாத்துவதுபோல் ஒரே சத்தத்தில் முடித்துவிடுவாள். உடைந்துபோனதால் விற்பனைக்கு ஆகாத ரொட்டிகளை மாலையில் கொண்டுவருவாள். அதை வாட்டி, முட்டையோடு சாப்பிட்டபடி மூவரும் சின்னச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"இடுப்பு வலிக்குது அத்தை," என்றாள் பம்பரம் ஒருநாள்.

"மாசமா இருக்கே. வலிக்காம?"

"நடக்கவே முடியல."

"வலி எடுத்த அன்னிக்கு வரைக்கும் நான் ரொட்டி அடுக்கினேன். அடுக்கி வெச்சுட்டுத்தான் பெத்துக்கப் போனேன்."

 பம்பரம் தட்டைக் கழுவ எழுந்தாள். எழுவதற்கு மேசையில் இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தாள்.

மருத்துவரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். "எங்கம்மா வலி?" என்று கேட்டார், நிமிராமலே. அறைக்கு வெளியே வரிசை நின்றிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. "இடுப்பு டாக்டர்," என்றாள். "இந்த நேரத்துல இடுப்பு வலி சகஜம்தான். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க." அவள் மேசையில் கையை ஊன்றி எழுந்து வெளியே வந்தாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சலவைக்கூடத்துக்கு உள்ளே நீராவி, வெளியே சாரல். எங்கும் ஈரம். அவள் நடை மாறிப்போனது. கால்களைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்து இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். "பம்பரம் வாத்தாயிடுச்சு," என்று யாரோ சொல்ல, நான்கு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். உருளைக்கு ஊட்டும்போது எட்டு வைக்க முடியவில்லை. கண்ணாடிதான் தன் பக்கம் கூடுதலாக எட்டு வைத்து இழுத்துக்கொண்டாள்.

ஒரு காலை, கணவன் வேலைக்குப் போன பிறகு, அவள் படியிறங்கப் போனாள். முதல் படியில் கால் வைத்ததுமே உள்ளே இடித்தது. இன்னொரு காலைத் தூக்க முயன்றாள், வரவில்லை. மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சற்று நேரம் கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்து நின்றவள், அப்படியே படியில் உட்கார்ந்தாள். இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். மழை ஒழுகிய படிகளில் கால்சட்டையின் பின்பக்கம் நனைந்து ஒட்டியது. இரண்டாம் மாடிக்காரரின் மகள் பள்ளிக்குப் போகிற வழியில் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். மேலே, வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தாள். அடிபட்டவள் மாதிரி முகம்.  உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவுச் சத்தம்தான் பம்பரத்துக்கு ரோஷத்தைக் கிளப்பியது. கீழே வந்து, வேன்காரரிடம், "வேலைக்கு வரல, ஆஸ்பத்திரில இறக்கிவிடுங்க," என்றாள்.

இந்த முறை மருத்துவரிடம் போகவில்லை. நர்ஸ் ஒருத்தியின் கையைப் பிடித்து, "எனக்கு நடக்க வரல. இடுப்புன்னு சொன்னேன், அது இடுப்பு இல்ல," என்றாள். நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த பிசியோதெரபி அறைக்கு அழைத்துப் போனாள்.

பிசியோ ஒரு இளம்பெண். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதற்கே பம்பரத்துக்குக் கண் கலங்கியது.

"சொல்லுங்க, எங்க வலிக்குது?"

"அங்க."

"அங்கன்னா?"

பம்பரம் கையால் காட்டினாள். காட்டும்போதே கையை இழுத்துக்கொண்டாள்.

"பிறப்புறுப்புக்கு மேல, முன்னாடி ஒரு எலும்பு இருக்கே, அங்கயா?" என்றாள் அந்தப் பெண், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரலில். "அதோட பின்னாடி, இடுப்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் சேர்ந்தே வலிக்குதா?"

"ஆமா. அங்கதான்."

"புரண்டா கடக்னு சத்தம்? ஒரு கால்ல நின்னா உயிர் போகுதா? காலை அகட்டி வண்டியில ஏறினா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும் வர்ற வலி இல்லக்கா இது. இடுப்பு வளைய வலின்னு பேரு. பிள்ளை வளர வளர மூட்டெல்லாம் இளகும். ஒரு பக்கம் ஒரு மாதிரி அசைஞ்சு, இன்னொரு பக்கம் வேற மாதிரி அசைஞ்சா இப்படி வலிக்கும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. உங்களைத்தான் பாடாப் படுத்தும்."

பம்பரம் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அழுகையும் அதோடு வந்தது. வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

அந்தப் பெண் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். உட்கார்ந்துதான் உடுத்த வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போதும் வேனில் ஏறும்போதும் முழங்கால்கள் இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். தூங்கும்போது இடையில் தலையணை. படியில் கொஞ்சம் தேவலாம் என்கிற கால் முதலில் ஏற வேண்டும். இடுப்பைச் சுற்றி இறுக்க ஒரு பட்டை கொடுத்தாள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுக்கிற ஒரு சின்னப் பயிற்சியைச் செய்யவைத்துப் பார்த்தாள். வண்டி தள்ளக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது.

"அப்ப வேலைய விடணுமா?"

"நான் அப்படிச் சொல்லலையே. உட்கார்ந்து செய்யுற வேலையாக் கேளுங்க."

"குடுக்க மாட்டாங்க."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

மறுநாள் சீருடைக்குள் பட்டையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். சூப்பர்வைசருக்கு அங்கே விசில் என்று பெயர். பல்லிடுக்கில் எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டு ஓடும். கோபம் வந்தால் மெட்டு வேகமாகும்.

"சார், என்னைக் கைத்துணி மேசைக்கு மாத்துங்க. நிக்க முடியல."

ஓட்டல் விருந்தினர்கள் கைதுடைக்கும் துணிகளில் கறை பார்த்து, பிரித்து, மடிக்கிற மேசை அது. கூடத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே வேலை. ஆனால் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை; நாற்காலியே போட்டதில்லை.

"அங்க ஆள் இருக்கும்மா. உன்னை உருளையிலேர்ந்து எடுத்தா உருளைக்கு யாரு?"

"கத்துக்குடுக்கிறேன் சார்."

"மேனேஜர்கிட்டச் சொல்லிப் பாக்குறேன்." மெட்டு வேகமானது.

மாலையில் பதில் வந்தது. பிரசவம் வரை வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே காதருகில் சொன்னாள். "போயிடாதடி. பிறகுன்னு சொல்லி அனுப்பினவ ஒருத்திகூடத் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. உன் இடத்துல அடுத்த வாரமே ஒருத்தி நிப்பா. அப்புறம் நீ யாரோ."

அன்று மாலை சமையலறை மேசையில் அவள் வெளிப்படையாகச் சொன்னாள். வலி எங்கே என்று, பிசியோ சொன்ன அதே வார்த்தையில். கணவன் ரொட்டியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், திரும்பவும் ரொட்டியைப் பார்த்தான். அம்மா எதிரில் இருக்கிறாளே என்று அவனுக்குக் காது சிவந்தது.

"சரி, வேலைய விட்டுடு," என்றான். "சமாளிச்சுக்கலாம். நான் கூடுதலா ரெண்டு கட்டடம் பாத்துக்கிறேன்."

"விட மாட்டேன்."

"முடியலன்னு நீதானே சொல்றே?"

"நிக்க முடியலன்னு சொன்னேன். வேலை செய்ய முடியலன்னு சொன்னேனா? ரெண்டும் ஒண்ணா? அந்த உருளை முன்னாடி நான் நின்ன நிலைக்கு, எனக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லையா அந்தக் கட்டடத்துல?"

"கத்தாதே."

"கத்தல. வீட்டுக்கு அனுப்புறதுதான் வைத்தியம்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணா எப்படி? வலி என்னோடதானே வீட்டுக்கு வருது?"

மாமியார் ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுவது நின்றது.

"நானும் அப்படித்தான் படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்," என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பம்மா?" என்றான் மகன்.

"உன்னைச் சுமந்தப்பதான். வேற எப்ப? அப்பல்லாம் நாலாவது மாடி. கீழ் வீட்டுக்காரிங்க வரிசையா நின்னு பாத்தாளுங்க. குழந்தைத்தனம் பண்றேன்னு நெனச்சாளுங்க."

"அப்பாகிட்டச் சொல்லலையா?"

"எந்த வாயால சொல்றது? முதுகுன்னு சொன்னேன். மனுஷன் பாவம், தினமும் முதுகுக்குத் தைலம் தேச்சுவிட்டாரு. சம்பந்தமே இல்லாத இடத்துல தேச்சுத் தேச்சுத் தைலம்தான் தீந்துச்சு."

பம்பரம் சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள், ஆனால் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஆலையில ஓரமா ஒரு பெஞ்சு கிடந்துச்சு. யாரும் உட்காராத பெஞ்சு. அதுல உட்கார்ந்து அடுக்கட்டுமான்னு கேட்டிருக்கலாம். கேக்கல. இன்னிக்கும் புரண்டு படுத்தா அந்த இடம் சுள்ளுங்கும். அந்தப் பெஞ்சு ஞாபகம் வரும்."

"அப்புறம் ஏன் அத்தை அன்னிக்கு நான் வலிக்குதுன்னப்ப இதைச் சொல்லல? படியில பாத்துட்டுக் கதவைச் சாத்தினீங்களே?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொறாமை."

"என்ன?"

"பொறாமைடி. எனக்கு யாரும் எதுவும் தரல, உனக்கு மட்டும் எதுக்குன்னு. நீ வாய்விட்டுச் சொல்றே. நான் சொல்லல. அதைப் பாக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்." எழுந்து தட்டுகளை அடுக்கினாள். அடுக்கி முடித்து, முதுகைக் காட்டியபடியே, "நாற்காலிய வாங்காம வீட்டுக்கு வராதே," என்றாள்.

மறுநாள் மழை கொட்டியது. பம்பரம் உருளைப் பக்கமே போகவில்லை. அலுவலக அறை வாசலில் கிடந்த ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே கூடத்தின் குறுக்கே நடந்தாள். தூக்கக் கூடாதே, அதனால் இழுத்தாள். அது போட்ட கிறீச்சில் எல்லாரும் திரும்பினார்கள். கைத்துணி மேசைக்கு முன்னால் போட்டு, முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்து, முதல் துணியை எடுத்துக் கறை பார்த்தாள்.

விசில் ஓடி வந்தார். "எந்திரிம்மா. உன்னை வீட்டுல இருக்கச் சொல்லியாச்சு."

"வேலைக்கு வந்திருக்கேன் சார்."

"உருளைக்குப் போ, இல்லன்னா வீட்டுக்குப் போ."

"ரெண்டுக்கும் போகல."

விசில் அந்த மேசையில் நின்றிருந்த பெண்ணை உருளைக்கு அனுப்பினார். புதியவள். கண்ணாடி ஒரு முனையைப் பிடிக்க, இந்தப் பெண் மறுமுனையைத் தேடுவதற்குள் விரிப்பு கோணலாக உள்ளே போனது. மறுபக்கம் கசங்கி, முறுக்கி, சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது உருளையிலேயே சுற்றிச் சிக்கிக்கொள்ள, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. ஈர விரிப்புகள் வண்டி வண்டியாக நின்றன. வெளியே ஓட்டல் வேன்கள் மழையில் காத்திருந்தன. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டையின் நுனியில் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அழுக்கு அதில் இருந்திருக்காது.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோபக்காரர் இல்லை. எல்லாவற்றையும் தட்டிக்கொடுத்தே முடித்துவிடுகிற மனிதர்.

"என்னம்மா பிரச்சினை? உன் நல்லதுக்குத்தானே வீட்டுல இருக்கச் சொன்னேன்?"

"எனக்கு வலி சார். நின்னா வலிக்குது. உட்கார்ந்தா வேலை செய்வேன்."

"முதுகு வலிதானே? எல்லாருக்கும்…"

"முதுகு இல்ல சார்."

"பின்ன எங்க?"

கூடத்தில் டிரம்கள் மட்டும் உருண்டன.  பம்பரம் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, டிரம் சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாகச் சொன்னாள்.

"பிறப்புறுப்புக்கு மேல இருக்கிற எலும்புல சார். நடந்தாலும் நின்னாலும் அது பிளந்துபோற மாதிரி வலிக்குது."

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒளி வராத திரையைக் கவனமாகப் பார்த்தார். விசில் தரையில் எதையோ தேடினார். மடிக்கிற பக்கத்தில் யாரோ ஒருத்தி 'க்ளுக்' என்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி சரி. புரியுது," என்றார் மேனேஜர்.

"புரியலன்னா இன்னொரு தடவை சொல்றேன் சார்."

"வேணாம்மா. புரியுது. அதனாலதான் சொல்றேன், வீட்டுல ஓய்வா இரு."

"போறேன். பிள்ளை பிறந்ததும் அதே வேலைக்குத் திரும்ப எடுப்பேன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, இப்பவே போறேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்ப நானும் அப்புறமே போறேன்."

அப்போது எதிர்ப்பு வந்தது அவள் பக்கத்திலிருந்துதான். மடிக்கிற பக்கத்தில் நிற்கிற ஒருத்தி, கால் நரம்பு புடைத்த பெண், "எங்களுக்கும்தான் கால் வலிக்குது. நாங்க நாற்காலி கேட்டோமா?" என்றாள். அவள் குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"கேளுங்க," என்றாள் பம்பரம். "நான் வேணாம்னா சொன்னேன்? கேளுங்க, நானும் கூட நிக்கிறேன். நிக்க முடியாது, கூட உட்கார்றேன்."

இந்த முறை கூடம் முழுவதும் சிரித்தது. நரம்பு புடைத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவள் பார்வை மேனேஜர்மேல் போய் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டார். வெளியே ஒரு வேன்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார்.

கண்ணாடி மூக்கில் கண்ணாடியை மாட்டினாள். "சார், இவ உட்கார்ந்த இடத்துலேர்ந்து சொல்லிக்குடுத்தா அந்தப் புதுப் பொண்ணு ரெண்டு நாள்ல பழகிடும். இல்லன்னா இன்னிக்கு எந்த ஓட்டலுக்கும் விரிப்பு போகாது."

மேனேஜர் விசிலைப் பார்த்தார். "ஒரு வாரம் பாக்கலாம்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். மாடிக்குப் போய்விட்டார்.

அன்று முழுவதும் சூப்பர்வைசரின் பல்லிடுக்கில் ஒரு மெட்டுகூட வரவில்லை. மாலையில் மட்டும் மேசையோரம் வந்து, "என்கிட்ட அந்த மாதிரி வார்த்தையெல்லாம் சொல்லாதேம்மா, எனக்கு ரத்தக்கொதிப்பு," என்றார்.

ஒரு வாரம் இன்னொரு வாரமாயிற்று. பிறகு யாரும் வாரத்தைப் பற்றிப் பேசவில்லை. வலி போய்விடவில்லை. சில நாட்கள் பட்டையை இறுக்கினால் நடக்க வந்தது. சில நாட்கள் கழிப்பறை வரை போவதே பெரும்பாடு. ஒருநாள் வேனிலிருந்து இறங்கும்போது அவசரத்தில் ஒரு காலை முதலில் வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே நின்று கெட்ட வார்த்தையால் திட்டினாள். வேனையா, காலையா என்று யாருக்கும் தெரியாது. கணவன் காலையில் அவளைப் புரட்டி எழுப்பக் கற்றுக்கொண்டான். மெஷினைக் கையாளுகிறவன் என்பதால் அவனுக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. "லிஃப்ட் மாதிரி ரெண்டு கதவும் ஒண்ணா நகரணும், அவ்வளவுதானே?" என்பான். "கதவுன்னு சொன்னே, உதை விழும்," என்பாள்.

மழை விட்டது. வயிறு கீழே இறங்கியது. கடைசியாகப் பிசியோவைப் பார்க்கப் போனபோது மாமியாரும் கூட வந்தாள். கேட்காமலே வந்தாள். அந்த இளம்பெண் பம்பரத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மெதுவாகத் தூக்கி, "எங்க வலி ஆரம்பிக்குதோ சொல்லுங்க," என்றாள். சொன்ன இடத்தில் நிறுத்தினாள். "பிரசவத்துல இதுக்கு மேல அகட்ட விடாதீங்க. மல்லாக்கப் படுத்தாத்தான் பிள்ளை வரும்னு இல்ல. இப்படி ஒருக்களிச்சும் பெத்துக்கலாம். யாராவது காலைத் தாங்கிப் பிடிச்சாப் போதும். முன்னாடியே சொல்லிடுங்க. அவசரத்துல மறந்துடுவாங்க."

மாமியார் அருகில் வந்து, அந்தக் கால் நிற்கிற உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டாள். "நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்குறேன்," என்றாள்.

பிரசவ வலி ஒரு நண்பகலில் எடுத்தது. பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றார்கள். மாமியார் உள்ளே வந்தாள். கணவன் வெளியே நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அதன் சத்தம் சரியில்லை என்று காவலாளியிடம் முறையிட்டானாம்.

வந்தவுடனேயே பம்பரம் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நர்ஸ் தலையாட்டினாள். ஆனால் நேரம் நெருங்கியபோது வேறொரு நர்ஸ் நின்றாள். அனுபவசாலி, கை வேகம், குரல் உரத்தது.

"மல்லாக்கத் திரும்பும்மா. காலை நல்லா அகட்டி வை."

"மாட்டேன்."

"என்னது?"

"மல்லாக்க மாட்டேன். ஒருக்களிச்சுத்தான் படுப்பேன். எனக்கு இடுப்பு வளையத்துல வலி."

"பிரசவத்துல எல்லா இடமும்தான் வலிக்கும். திரும்பு, பிள்ளை வர்ற நேரத்துல விளையாடாதே." நர்ஸ் அவள் முழங்காலில் கை வைத்தாள்.

பம்பரம் அந்தக் கையைப் பிடித்தாள். அடுத்த வலி மேலேறிக்கொண்டிருந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது. "கைய எடுங்க. இது என் எலும்பு. பிளந்துச்சுன்னா நீங்க நாளைக்கு வேற பிரசவம் பாக்கப் போயிடுவீங்க. நான்தான் நடக்கணும். டாக்டரைக் கூப்பிடுங்க. யாரைக் கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன்."

மருத்துவர் வந்தார். வேறொருவர், இளையவர். இருவரையும் பார்த்தார். பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார். "பிள்ளை நல்லா இருக்கு. ஒருக்களிச்சே இருக்கட்டும்," என்றார். "காலை யாராவது பிடிக்கணும்."

மாமியார் ஏற்கெனவே பிடித்திருந்தாள். ரொட்டித் தட்டுகளைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன மணிக்கட்டுகள் இரண்டும் அந்தக் காலுக்கு அடியில் இருந்தன. அன்று அளந்த உயரம். ஒரு விரல்கடைகூட மேலே போகவில்லை. நர்ஸ், "இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா," என்றாள். "முடியாது," என்றாள் மாமியார்.

வலி அலை அலையாக வந்தது. பம்பரம் கட்டில் கம்பியைப் பிடித்து, தலையணையில் முகத்தைப் புதைத்து, உறுமினாள். அது அழுகை மாதிரி இல்லை. பாரம் தூக்குகிறவர்கள் போடுகிற சத்தம். மாமியாரின் நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்திருந்தாள்.

பிள்ளை வந்தது. பெண். வந்ததும் அறையே அதிரக் கத்தியது.

நர்ஸ் பிள்ளையைத் துடைத்து அம்மாவின் மார்பில் வைத்தாள். நர்ஸின் முகத்திலும் இப்போது சிரிப்பு இருந்தது. "இப்படியும் பிறக்குது பாருங்க," என்றாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "எல்லாம் ஆச்சும்மா. இனி காலை விட்டுடலாம்."

மாமியாரின் கைகள் அதே உயரத்தில் இருந்தன. விடவில்லை.

"ஆச்சும்மா. விடுங்க," என்றாள் நர்ஸ் மறுபடியும்.

"நீங்க சொன்னா விட மாட்டேன்," என்றாள் மாமியார். "அவ சொல்லட்டும்."